மீண்டும் ஸ்டீயரிங் பிடிப்பதா?

சென்ற ஞாயிறு மாலை நம் அலுவலகத்துக்கு ஒரு தோழர் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. கையில் ஒரு பழைய பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ஒரு லைசென்ஸ் அட்டை. அதை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, "தோழர், மறுபடியும் வண்டி ஏறலாமுங்களா, வேண்டாமுங்களா? ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. நீங்க சொல்றதுதான்" என்றார். உடன் வந்த அவர் மனைவி வாசற்படியோடு நின்றுகொண்டார்.

தோழர் நாமக்கல் பக்கத்துக் கிராமத்துக்காரர். 1993-ல் கிளீனராக லாரி ஏறியவர். 1999-ல் டிரைவரானவர். பதினைந்து ஆண்டு ஓட்டிவிட்டு, 2014-ல் சாவியை முதலாளியின் மேசைமேல் வைத்துவிட்டு இறங்கி வந்தவர். அன்று முதல் ஒரு நூற்பாலையில் வாசற்காவல். வயது ஐம்பதை நெருங்குகிறது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மகன் பத்தாம் வகுப்பு. காவல் சம்பளமோ மாதத்தின் இருபதாம் நாளைத் தாண்டுவதில்லை. இந்த வேளையில் பழைய முதலாளி தாமே வீடு தேடி வந்து, திண்ணையில் அமர்ந்து, காப்பியும் குடித்து, "வண்டி ஷெட்டில் நிற்கிறது; நம்பிக்கையான ஆள் இல்லை; நீ வந்தால் போதும்" என்று கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கணக்குத் தீர்த்தபோது நிமிர்ந்தும் பார்க்காத முதலாளி, இன்று திண்ணை ஏறி வந்திருக்கிறார் என்றால் அதில் ஒரு சங்கதி இருக்கிறது. அந்தச் சங்கதியைப் பேசவே இன்று எழுதுகிறோம். ஏனெனில் இந்தக் கேள்வி அந்த ஒரு தோழருடையது மட்டுமல்ல. லாரியை விட்டு இறங்கி, காவலாளியாகவும், கோழிப்பண்ணைக் கூலியாகவும், டீக்கடைக்காரராகவும் காலம் தள்ளும் பழைய டிரைவர்கள் சங்கக் கூட்டங்களில் இதையே நம்மிடம் கேட்கிறார்கள்.

முதலில் அவர் ஏன் இறங்கினார் என்பதைக் கேளுங்கள். சேலத்து ஜவ்வரிசியை இந்தூருக்கு ஏற்றிப் போவது. திரும்புகாலில் நாமக்கல் கோழிகளுக்குச் சோயாப் புண்ணாக்கு ஏற்றி வருவது. இதுதான் அவர் பாதை. ஒருமுறை இந்தூரில் இரண்டு நாள் லோடுக்குக் காத்துக் கிடந்தார். லோடு கிடைத்ததும் போன் மேல் போன். தீவன ஆலையில் சரக்குத் தீர்ந்துவிட்டது, வண்டி எங்கே, வண்டி எங்கே! காத்துக் கிடந்த நாளை ஓடிப் பிடிக்க வேண்டும் என்பது முதலாளியின் கணக்கு. மூன்று இரவு ஓட்டினார். நான்காம் நாள் விடியற்காலையில் தருமபுரியைத் தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கம்.

"கண்ணு திறந்துதான் இருந்துச்சுங்க. ஆனா நான் அங்க இல்லீங்க" என்றார் தோழர்.

வண்டி தடுப்புச் சுவரைத் தேய்த்துக்கொண்டே போய் நின்றது. முன்னால் கார் இல்லை, பஸ் இல்லை, நடந்துபோன ஆள் இல்லை. பம்பர் போயிற்று, அவ்வளவே. அந்தப் பம்பரின் விலையைப் படியில் பிடித்தார்கள். மூன்று இரவு விழித்ததற்கு விலை போட யாரும் இல்லை. மறுநாள் அவர் சாவியைக் கொடுத்துவிட்டார். சண்டை போடவில்லை, சாபம் இடவில்லை. "அடுத்த தடவை முன்னால பஸ் இருந்திருந்தா?" என்ற ஒரே கேள்வியோடு வீட்டுக்கு நடந்தார்.

இப்படி இறங்கியவர் ஒருவரா, இருவரா? இன்று லாரி முதலாளிகளின் கூட்டம் எங்கு நடந்தாலும் "டிரைவர் பஞ்சம்" என்பதே பேச்சு. வண்டிக்குத் தவணை கட்டவேண்டும், இன்சூரன்ஸ் கட்டவேண்டும், வரி கட்டவேண்டும், ஓட்ட ஆளில்லை என்று புலம்புகிறார்கள். புலம்பல் பொய்யல்ல. ஷெட்டுகளில் வண்டிகள் நிற்பதை நாமும் காண்கிறோம். ஆனால் பஞ்சம் எப்படி வந்தது என்று மட்டும் அவர்கள் கேட்பதில்லை. நாம் கேட்கிறோம்.

ஒரு காலத்தில் ஒவ்வொரு லாரியிலும் ஒரு கிளீனர் இருந்தான். நாம் வேண்டுமென்றேதான் "இருந்தான்" என்கிறோம். பதினைந்து பதினாறு வயதுப் பையன் அவன். தார்ப்பாய் இழுத்துக் கட்டுவான். டயரைக் கம்பியால் தட்டிக் காற்றுப் பார்ப்பான். சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று கையாட்டுவான். சாலையோரத்தில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்குவான். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவு இரண்டு மணிக்கு டிரைவருக்குக் கண் சொருகும்போது பேச்சுக் கொடுப்பான். அவனுக்கு அடி உண்டு, வசவு உண்டு, கூலி சொற்பம். அந்தப் பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் என்று நாம் புகழ வரவில்லை. பள்ளியில் இருக்கவேண்டிய பிள்ளைகள் அவர்கள். ஆனால் ஒன்று உண்டு. வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் டிரைவர் மனம் இரங்கி, "கொஞ்ச தூரம் பிடி" என்று ஸ்டீயரிங்கைக் கொடுப்பார். அப்படிப் பிடித்துப் பிடித்தே அவன் டிரைவரானான். லாரித் தொழிலுக்கு வேறு பள்ளிக்கூடம் இருந்ததில்லை. நம் தோழரும் அந்தப் பள்ளியில் படித்தவர்தான்.

பிறகு என்ன நடந்தது? ஒரு படி மிச்சம் என்று கிளீனரை இறக்கிவிட்டார்கள். இரண்டு டிரைவர் போகவேண்டிய தூரத்துக்கு ஒரு டிரைவர் போதும் என்றார்கள். பள்ளிக்கூடத்தை இடித்துவிட்டு, மாணவன் வரவில்லையே என்று அழுதால் என்ன செய்வது? பையனுக்குப் பதில் பயிற்சியும் சம்பளமும் உள்ள வயது வந்த உதவியாளனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. டிரைவரின் மகன் அப்பனின் பாட்டைப் பார்த்து வளர்ந்தவன். அவன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. லாரி டிரைவர் என்றால் பெண் கொடுக்கத் தயங்கும் வீடுகள் எத்தனை என்பதை நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் எந்தத் தரகரைக் கேட்டாலும் சொல்வார். ஆகவே பஞ்சம் வானத்திலிருந்து விழவில்லை.

இது ஒருபுறமிருக்க, தோழர் இறங்கிய நாளுக்கும் இன்றைக்கும் சாலையே மாறிவிட்டது. மாறியதில் நல்லதும் உண்டு. அதை மறைத்து எழுதினால் நாம் நேர்மையாளர்கள் அல்ல. அவர் ஓட்டிய நாளில் ஒவ்வொரு மாநில எல்லையிலும் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்தது. கோவையைத் தாண்டி வாளையாற்றில் லாரிகள் மைல் கணக்கில் நின்றதை மறந்தவர் யார்? 2017 ஜூலை 1-ல் சரக்கு சேவை வரி வந்ததோடு அந்தச் சாவடிகள் எடுக்கப்பட்டன. அந்த வரியின் மற்ற லட்சணங்களைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு. ஆனால் எல்லையில் பட்டினியாகக் காத்துக் கிடந்த டிரைவருக்கு அது விடுதலைதான். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச் சாவடியில் ஃபாஸ்டேக் கட்டாயம். சில்லறை எண்ண வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 1-க்குப் பிறகு தயாராகும் கனரக லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் இருந்தே தீரவேண்டும் என்று விதி வந்திருக்கிறது. மே மாதத்து நாகபுரி வெயிலில் எஞ்சின் சூட்டோடு சூடாக வெந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

"முதலாளியின் வண்டி எந்த வருடத்து வண்டி?" என்று கேட்டோம்.

"2021-ங்க."

அப்படியானால் குளிர்சாதனத்தை மறந்துவிட வேண்டியதுதான். விதி புது வண்டிக்கே ஒழிய, ஓடுகிற வண்டிக்கு அல்ல. ஆனால் அது பி.எஸ். 6 வண்டி, 2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்தது. தோழர் ஓட்டிய பழைய வண்டியில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். இது வேறு பிராணி. டீசலோடு ஆட்புளூ என்னும் யூரியாத் திரவமும் ஊற்றவேண்டும். அது தீர்ந்தால் எஞ்சின் தானே தன் வலுவைக் குறைத்துக்கொள்ளும், ஏற்றத்தில் முக்கும். முன்பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் திருப்புளி எடுப்பதில் பயன் இல்லை. கம்பெனிப் பட்டறைக்குத்தான் போகவேண்டும். அதற்காக ஒதுங்க வேண்டியதும் இல்லை. பதினைந்து ஆண்டு லாரி ஓட்டிய கைக்கு இது ஒரு மாதப் பாடம். அந்த ஒரு மாதத்தைத் தனியாக விட்டுக் கற்கச் சொல்வார்களா, அல்லது பழகியவர் ஒருவரோடு அனுப்புவார்களா என்பதுதான் கேட்கவேண்டிய கேள்வி.

இனி மேசைமேல் கிடந்த அந்த அட்டைக்கு வருவோம். 2013-ல் புதுப்பித்தது. அன்று கனரக வண்டிக்கான அனுமதி மூன்று ஆண்டுக்குத்தான். 2016-ல் அது காலாவதி. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி இன்று அது ஐந்து ஆண்டு. இந்த வகையில் நன்மையே. ஆனால் அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது: காலாவதியாகி ஓராண்டுக்கு மேல் போய்விட்டால், மறுபடி ஓட்டிக் காட்டித் தேறினால்தான் லைசென்ஸ். முன்பு இந்தக் கெடு ஐந்து ஆண்டாக இருந்தது. ஆகவே தோழர் தேர்வுக்குப் போகவேண்டும். எட்டாம் வகுப்புப் படித்திருக்கவேண்டும் என்ற பழைய நிபந்தனை 2019-ல் எடுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயம் வேண்டாம். டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்கவேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்துக் காரின் எண் பலகை தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் அதில் இருக்கிறது. சில இடங்களில் இந்தச் சான்று ஆளைப் பாராமலே கையெழுத்தாகிறது என்பது ஊரறிந்த ரகசியம். நாம் தோழருக்குச் சொன்னது: அந்தக் கையெழுத்தை வாங்காதீர்கள். கண்ணை உண்மையாகவே காட்டுங்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். ஏமாறப் போவது ஆர்.டி.ஓ. அல்ல, தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போகிற பஸ்.

"வண்டி ஏறு, லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நான் பேசிக்கொள்கிறேன்" என்று முதலாளி சொன்னாராம். அங்கேதான் நமக்குக் கோபம் வந்தது. விபத்து நடந்தால் கூண்டில் நிற்பது யார்? இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது எதை? லைசென்ஸ் கைக்கு வராமல் ஷெட்டு வாசலுக்குக்கூட வண்டியை எடுக்கக் கூடாது என்று அடித்துச் சொன்னோம்.

கூண்டு என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும். தோழர் ஓட்டிய காலத்தில், கவனக்குறைவால் சாவு நேர்ந்தால் இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ. அதிகபட்சம் இரண்டு ஆண்டு. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ம் பிரிவு; ஐந்து ஆண்டு வரை. சொல்லாமல் தப்பி ஓடினால் பத்து ஆண்டு வரை என்று இரண்டாம் உட்பிரிவு எழுதப்பட்டது. அதை எதிர்த்து 2024 ஜனவரி முதல் நாளில் வட மாநிலங்களில் டிரைவர்கள் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது. இரண்டாம் நாளே சர்க்கார் பேச்சுக்கு வந்தது. 2024 ஜூலை 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவை மட்டும் நிறுத்தி வைத்தார்கள். யாரும் கருணை காட்டி நிறுத்தவில்லை. சக்கரம் நின்றதால் நிறுத்தினார்கள்.

தப்பி ஓடுவதை நாம் ஆதரிக்கிறோமா? இல்லை. அடிபட்டவனும் நம்மைப்போல் உழைத்துத் தின்பவன்தான். சைக்கிளில் போகிறவன், சாலை ஓரம் நடக்கிறவன். அவனை ரத்தத்தில் விட்டு ஓடுவது பாதகம். ஆனால் டிரைவர் ஏன் ஓடுகிறான் என்பது சட்டத்துக்கே தெரியும். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ம் பிரிவு, அடிபட்டவருக்கு வைத்திய உதவி செய்வது டிரைவரின் கடமை என்று சொல்லும்போதே, கும்பலின் ஆத்திரத்தால் அது இயலாது போகலாம் என்றும் சொல்கிறது. போலீஸ் அங்கே இல்லையென்றால் முடிந்த விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள நிலையத்தில் தெரிவிக்கவேண்டும் என்கிறது. ஆகவே 108-ஐ அழை. உயிருக்கு ஆபத்து என்றால் நேராகக் காவல் நிலையம் போ. இதை ஒவ்வொரு டிரைவருக்கும் சங்கம் சொல்லிக் கொடுத்திருக்கவேண்டும். போதிய அளவு சொல்லவில்லை. இது நம் குறையும்தான்.

இனி நேரம். தொப்பூரில் தோழரைத் தூங்கவைத்தது விதியல்ல, நேரம். 1961-ல் நாடாளுமன்றம் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றியது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி. தொலைதூரம் என்றால் அனுமதி பெற்று 10 மணி, வாரத்துக்கு 54 மணி. அதற்குமேல் கூடாது. ஐந்து மணி நேரம் ஓட்டினால் அரைமணி ஓய்வு. என்ன அழகான சட்டம்! பதினைந்து ஆண்டில் ஒரு நாளாவது இதன்படி ஓட்டியதுண்டா என்று தோழரைக் கேட்டோம். சிரித்தார். அந்தச் சட்டம் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளரை வைத்திருக்கும் நிறுவனத்துக்கே செல்லும் என்று வாசலிலேயே ஒரு பொந்து வைத்திருந்தார்கள். ஒன்றிரண்டு வண்டிக்காரர்களே நிறைந்த தொழிலில் அந்தப் பொந்து வழியாகக் கிட்டத்தட்ட எல்லோருமே வெளியேறிவிட்டார்கள். 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டம் அதையும் விழுங்கிவிட்டது; 2025 நவம்பர் 21 முதல் அந்தத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. எட்டு மணி நேரம் அதிலும் எழுதியிருக்கிறது. நியமனக் கடிதம் தரவேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. தொழிற்சங்கங்கள் அந்தத் தொகுப்புகளை எதிர்த்தது வேறு நியாயங்களுக்காக. அந்த எதிர்ப்பில் நாமும் நிற்கிறோம். ஆனால் எதிரி கையில் இருந்தாலும் கடப்பாரை கடப்பாரைதான். நியமனக் கடிதம் என்ற அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொள் என்கிறோம்.

சில தோழர்கள் நம்மோடு சண்டைக்கு வருவார்கள்: "ஆள் கிடைக்காமல் தவிக்கட்டும், அப்போதுதான் கூலி உயரும், நீங்கள் ஏன் ஒருவரைத் திருப்பி அனுப்புகிறீர்கள்?" வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கூலி உயரும்வரை மகளின் கல்லூரிக் கட்டணத்தை யார் கட்டுவது? மேலும், இப்போது அவர் இருக்கும் இடம் என்ன சொர்க்கமா? ஆலை வாசலில் 12 மணி நேரம் நிற்கிறார், அதுவும் இரவு. அங்கேயும் எட்டு மணிச் சட்டம் செத்துத்தான் கிடக்கிறது. லாரியில் கைத்தொழில் தெரிந்தவர் என்ற மரியாதையாவது உண்டு; வாசலில் ஸ்டூலும் விசிலும்தான்.

வேறு சிலர், "முதலாளியை விடாதே, கழுத்தைப் பிடி" என்பார்கள். எந்த முதலாளியை? இந்தத் தோழரின் முதலாளிக்கு மூன்று வண்டி. அவரும் ஒரு காலத்தில் டிரைவர். நாமக்கல்லில் இது புதுமை அல்ல. பைனான்ஸ்காரனுக்குத் தவணை கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். வாடகையை நிர்ணயிப்பது அவர் அல்ல. சரக்கு அனுப்பும் பெரிய கம்பெனியும் நடுவிலிருக்கும் புக்கிங் ஏஜெண்டும். டீசல் விலையோ சுங்கக் கட்டணமோ அவரைக் கேட்டு ஏறுவதில்லை. மேலே இருப்பவன் அவரை நெருக்குகிறான். அவர் டிரைவரின் தூக்கத்தை நெருக்குகிறார். வாடகை உயர்வுக்கு அவர் போராடினால் நாம் அவர் பக்கம். ஆனால் மேலிருந்து வரும் அடியை அப்படியே கீழே கைமாற்றிவிடும் உரிமை அவருக்குக் கிடையாது. அந்த இடத்தில் நாம் டிரைவர் பக்கம்.

அப்படியானால் டிரைவர் கையில் என்ன ஆயுதம்? இங்கேதான் ஒரு வேடிக்கையைச் சொல்லவேண்டும். அந்த வண்டியில் ஜி.பி.எஸ். பூட்டியிருக்கிறார்களாம். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நிமிடம் நிற்கிறது, எந்த வேகத்தில் போகிறது எல்லாம் முதலாளியின் போனில் தெரியும். சுங்கச் சாவடியைத் தாண்டினால் அவருக்குச் செய்தி போகும். டீ குடிக்க இருபது நிமிடம் நின்றால், "ஏன் நிற்கிறாய்?" என்று போன். முன்பு டிரைவர் ஊரைத் தாண்டிவிட்டால் ராஜா. இன்று முதலாளியின் கண் கேபினுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. தோழருக்கு இதுதான் பெரிய கசப்பு. "திருடனைப் பாக்கற மாதிரி பாப்பாங்களாமுங்க" என்றார்.

நாம் சொன்னோம்: தோழரே, அந்தக் கண் ஒரு பக்கம்தான் பார்க்கும் என்று யார் சொன்னது? நின்ற நிமிடத்தை எண்ணுகிற கருவி, ஓட்டிய மணியையும் எண்ணுகிறது. இந்தூரில் லோடுக்குக் காத்துக் கிடந்த இரண்டு நாளும் அதில் இருக்கும். பிறகு மூன்று இரவு ஓட்டியதும் இருக்கும். 2014-ல் உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர சாட்சி இல்லை. இன்று சாட்சி முதலாளியின் சட்டைப்பையிலேயே இருக்கிறது. ட்ரிப் முடிந்ததும் அந்தப் பதிவை உங்கள் போனுக்கும் அனுப்பச் சொல்லுங்கள். ஹால்டிங் நாளுக்குப் படி கேட்கும்போது அதைக் காட்டுங்கள். இ-வே பில்லைப் பாருங்கள்: 2021 முதல் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று சர்க்காரே கெடு கொடுத்திருக்கிறது. வரி இலாகாவே அவசரப்படாதபோது, இரவெல்லாம் விரட்டுவது யாருடைய அவசரம் என்று கேளுங்கள்.

தோழர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு உட்கார்ந்தார்.

அதன் பிறகுதான் உண்மையான பேச்சே நடந்தது. ஒரு தாளை எடுத்து, முதலாளியிடம் என்ன கேட்பது என்று எழுதத் தொடங்கினோம். சம்பளமா, வாடகையில் பங்கா, ட்ரிப்புக்கு இவ்வளவா? எதுவானாலும் தாளில் இருக்கவேண்டும். டிரைவர் என்ற வேலையும் சேர்ந்த தேதியும் முதலாளியின் கையெழுத்தும் அதில் இருக்கவேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம்? வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு முதலாளி இழப்பீடு தரவேண்டும் என்பது இந்த நாட்டில் 1923-லிருந்து சட்டம். ஆனால் விபத்து நடந்த மறுநாள், "அவர் என்னிடம் வேலை செய்யவே இல்லை, சும்மா கேட்டார், கொடுத்தேன்" என்று சொன்ன முதலாளிகளை நாம் கண்டிருக்கிறோம். வண்டிச் சேதத்தைப் படியில் பிடிக்கும் வழக்கத்தைத் தோழரே எழுதச் சொன்னார். பம்பர் இன்னும் அவர் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறது. இந்தூர்ப் பாதை என்றால் இரண்டாவது டிரைவர். ஒற்றை ஆள் என்றால் முட்டை லோடு ஏற்றிக் கேரளம் போய்த் திரும்பும் பாதை. இந்த இடத்தில் அவர் தயங்கினார். நீண்ட பாதையில்தான் காசு. குறுகிய பாதையில் படி குறைவு. நாம் வற்புறுத்தவில்லை. வயிறு அவருடையது.

அப்போது வாசற்படியில் நின்றிருந்த அம்மையாரைப் பார்த்து, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள் அம்மா?" என்றோம்.

"காசு வேணுமுங்க, வேண்டாம்னு சொல்லுல. இப்பவும் ராத்திரி வீட்ல இருக்கறதில்லீங்க அவரு. ஆனா மூணு கிலோமீட்டர்ல மில்லு வாசல்ல இருக்காருன்னு தெரியும். அந்தப் பதினஞ்சு வருசம் ராத்திரில போன் அடிச்சா, எடுக்கறதுக்கு முந்தி சாமி படத்தைப் பாப்பனுங்க" என்றார். சற்று நிறுத்தி, "கேரளான்னா ராத்திரி போயிட்டு மறுநா வந்துடுவாரில்லீங்க?" என்றார்.

தாளில் கேரளம் என்றே எழுதினோம்.

நல வாரியத்தைப் பற்றியும் சொன்னோம். அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் தனி வாரியம் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகளின் படிப்புக்கு உதவி உண்டு, விபத்துக்கு உண்டு, அறுபதுக்குப்பின் ஓய்வூதியம் உண்டு. பதினைந்து ஆண்டு ஓட்டிய நாளில் அவர் அதில் பதியவே இல்லை. யாரும் சொல்லவில்லையாம். நம் கிளைத் தோழர்கள் இதைப் படிக்கும்போது கொஞ்சம் வெட்கப்படவேண்டும். பைபாஸ் ஓரத்துப் பட்டறைகளில், டயர் கடைகளில், எடை மேடைகளில் நிற்கும் டிரைவர்களில் எத்தனை பேரிடம் அந்த விண்ணப்பம் போயிருக்கிறது?

நெடுஞ்சாலைகளில் டிரைவர்களுக்கு ஓய்வகங்கள், முதற்கட்டமாக 1,000 என்று பிரதமர் 2024 பிப்ரவரியில் அறிவித்தார். நாமக்கல்லிலிருந்து புறப்படும் தோழர்கள் 44-ம் எண் சாலையில், நாம் முன்பு ஏழாம் எண் என்று சொல்லிக்கொண்டிருந்த அதே சாலையில், போகிற வழியில் கண்ணில் பட்டதை எண்ணி நமக்கு ஒரு கார்டு போடட்டும். வெளியிடுகிறோம்.

புதன்கிழமை தோழர் மறுபடி வந்தார். கண் டாக்டரிடம் போயிருக்கிறார். தூரப் பார்வைக்குக் கண்ணாடி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், மற்றபடி கோளாறு இல்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிட்டார். ஆலை வேலையை இன்னும் விடவில்லை. விடவேண்டாம் என்று நாமும் சொன்னோம். சங்கத் தோழர் ஒருவர் தம் வண்டியை எடை மேடைப் பக்கத்துக் காலி இடத்தில் கொடுத்து ரிவர்ஸ் பழகச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் கை நடுங்கிற்றாம். இரண்டாம் நாள் கல்லுக்கும் டயருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினாராம். அதைச் சொல்லும்போது முகம் 1999-க்குப் போய்விட்டது.

"முதலாளி என்ன சொன்னார்?" என்றோம்.

தாளைக் கொடுத்திருக்கிறார். முதலாளி இருமுறை படித்தாராம். படி பிடிப்பதில்லை என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாராம். கையெழுத்துப் போடவில்லை, கிழிக்கவும் இல்லை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசிச்சுச் சொல்றேன்" என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாராம்.

வண்டி ஷெட்டிலேயே நிற்கிறது.